சேலத்தில் இருந்துகொண்டே கலை நூல் பதிப்பகம் நடத்த முடியுமா?

நீங்கள் கேட்டது இது: தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறீர்கள். கையில் நான்கு லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஓவியம், சிற்பம், கைவினை ஆகியவற்றைப் பற்றிய படநூல்களை மட்டும் வெளியிடும் ஒரு சிறு பதிப்பகம் தொடங்க ஆசை. சென்னைக்குக் குடிபெயராமல் சேலத்திலிருந்தே நடத்த முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். பதினான்கு ஆண்டுகளாகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு நூல்கள் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் எது எங்களைக் காப்பாற்றியது, எது பணத்தைத் தின்றது என்று தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், இந்த ஊர் உங்களுக்குக் குறை என்று நினைப்பதை விடுங்கள். சென்னையில் 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருக்கிறது, சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் இருக்கிறது, காட்சிக்கூடங்கள் இருக்கின்றன, வாங்குகிறவர்களும் அங்கேதான் அதிகம். அதனால் புகழ்பெற்ற ஓவியர்களின் நூல்களை அங்கிருப்பவர்கள் போடுவார்கள், போடட்டும். நமக்கு இருப்பது பக்கத்தில் இருக்கும் வசதி. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு பதிப்பாளர் சென்னையிலிருந்து வந்தால் இரண்டு நாள் தங்கிப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். நான் அங்கே நாற்பது முறைக்கு மேல் போயிருக்கிறேன். எந்தத் தூணில் எந்த மாதம் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று எழுதி வைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த நோட்டுதான் எங்கள் முதலீடு. பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகள், அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிகள், ஏற்காட்டுச் சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ காலத்துச் சுவரொட்டிகள் என்று நாம் நடந்துபோய்த் தொடக்கூடிய தூரத்தில் இருப்பவற்றில் இன்னும் நூலாகாதவை ஏராளம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஐம்பது முறை போய்ப் பார்க்க முடிகிற ஒன்றாக அது இருக்கட்டும்.

தாரமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் கோயில். அங்கே வாலி வதைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். இராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள்கூட இங்கும் அங்கும் ஓடி இதைச் சோதித்துப் பார்ப்பார்கள். இதை நூலில் எப்படிக் காட்டுவது? முதலில் இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தேன். செத்துப்போயிற்று; இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிட்டால் மறைவு ஏது? பிறகு வலப்பக்கத்தில் வாலியின் இடத்திலிருந்து எடுத்த படத்தை, வெறும் தூண்களும் நிழலுமாகத் தெரிவதை, பக்கம் முழுக்க வைத்தோம். அந்தத் தாளைத் திருப்பினால்தான் அதன் முதுகில் வில்லோடு இராமன். கல்லில் நடந்து பார்க்க வேண்டியதை நூலில் தாள் புரட்டிப் பார்க்க வைத்தோம். வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். அழகான எல்லைக்கோடு போடுவதும், பக்க எண்ணை ஓரத்தில் சாய்ப்பதும் அப்புறம் வரட்டும். ஒரு நூலில் இப்படிப்பட்ட இடம் இரண்டு கிடைத்தால் போதும், வாங்கியவர் இன்னொருவரை அழைத்துக் காட்டுவார்.

இனி அச்சு. கலை நூல் உருவாகும் இடம் இயந்திரத்தின் பக்கம்தான். கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சேலம் வெண்பட்டு பற்றி நாங்கள் ஒரு நூல் செய்தோம்; புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்த் துணி. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பட்டை அச்சிடுவதைப் போலக் கடினமானது வேறில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சிவகாசியில் இரவு பதினோரு மணிக்கு முதல் தாள் வெளியே வந்தது. பட்டு அழுக்குத் துணி போல மஞ்சளாகத் தெரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த அங்கவஸ்திரத்தை விளக்கின் கீழே தாளுக்குப் பக்கத்தில் விரித்தேன். மிஷின்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, இந்தத் தாளின் வெள்ளையில் நீலம் ஓடுகிறது. உங்கள் பட்டின் வெள்ளையில் பால் ஓடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பட்டு தோற்றுத்தான் போகும்.”

அவர் சொன்னதே சரி. ஆர்ட் பேப்பர் என்ற மேற்பூச்சுள்ள தாள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அதில் ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அதன் வெள்ளை நீலச் சாயலுடையது. மஞ்சள் மையைக் குறைத்துப் பார்த்தோம். ஒளி மிகுந்த இடங்களில் மைப்புள்ளியின் அளவு மூன்று விழுக்காட்டுக்குக் கீழே போனதும் தாளில் பிடிக்காமல் விட்டுவிட்டது; மடிப்புகளின் மேடுகளில் துணியே காணாமல் போய் வெற்றுத் தாள் எட்டிப் பார்த்தது. கடைசியில் அந்தப் பாரத்தின், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின், அமைப்பையே மாற்றினோம். தாளின் வெள்ளை எங்குமே தெரியாதபடி படத்தை நான்கு ஓரங்களிலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஓடவிட்டோம். ஒப்பிட வேறு வெள்ளை இல்லாதபோது கண் பட்டின் வெள்ளையை ஏற்றுக்கொண்டது. மைக்கு ஒன்றாக முன்னுக்கு நான்கு, பின்னுக்கு நான்கு என்று எட்டு அச்சுத் தகடுகள் புதிதாகப் போட வேண்டியிருந்தது. விடிய விடிய ஆயிற்று, செலவும் ஆயிற்று. ஆனாலும் அந்த நூலை இன்று திறக்கும் நெசவாளர்கள் படத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

கொலுசு நூலில் வேறு சிக்கல். வெள்ளி தன் நிறத்தைக் காட்டாது, சுற்றியிருப்பதைக் காட்டும். பட்டறையில் எடுத்த முதல் படங்களில் ஒவ்வொரு மணியிலும் என் கேமராவும் என் முகமும். வெள்ளைத் துணியால் கூடாரம் போலச் சுற்றி மறைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு அட்டையை வைத்தபின்தான் மணிகளுக்கு உருட்சி வந்தது. அச்சில் நான்கு வண்ணத்தை விட்டுவிட்டு, கறுப்பும் குளிர்ந்த சாம்பலும் என்று இரண்டு மைகளில் அடித்தோம்.

உங்கள் பணக் கேள்விக்கு வருகிறேன். ஒரு நல்ல அளவு, 23க்கு 36 அங்குலத் தாள். அதை மடித்தால் ஒரு பாரத்தில் 16 பக்கம் வரும். வெட்டிய பின் நூல் ஏறக்குறைய எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். 128 பக்க நூலுக்கு எட்டுத் தாள். 500 பிரதி என்றால் 4,000 தாள். ஆனால் ஒவ்வொரு பாரத்துக்கும் வண்ணம் சரியாகப் பிடிக்கும்வரை 200 தாள் வீணாகும் என்று வையுங்கள். எட்டுப் பாரத்துக்கு 1,600. அதாவது 500 பிரதி அடிக்கும்போது கழிவு நாற்பது விழுக்காடு, 1,000 அடித்தால் இருபது விழுக்காடு. அச்சகத்தில் எல்லோரும் சொல்வார்கள்: “ஆயிரமாக அடித்துவிடுங்கள், ஒரு பிரதியின் அடக்கம் எவ்வளவு இறங்குகிறது பாருங்கள்.” கணக்கு உண்மைதான், கவர்ச்சியானதும்கூட. ஆனால் விற்காத 500 பிரதிகளின் அடக்கம் யாருடைய காகிதத்திலும் வராது. எங்கள் மூன்றாவது நூல் 1,200 அடித்தோம். இன்னும் இருநூறு இருக்கின்றன. அந்தப் பணம் முடங்கியதால் நான்காவது நூல் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று.

எனவே 500. கொஞ்சம் துணிச்சல் இருந்தால் 700 அடித்து, 300ஐ மட்டும் கட்டிவிட்டு மற்றவற்றை மடித்த பாரங்களாகவே வையுங்கள். தீரத் தீரக் கட்டிக்கொள்ளலாம். பைண்டிங் செலவு பிறகுதான் விழும்.

பைண்டிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பாரம் பாரமாக நூலிழையால் தைத்துக் கட்ட வேண்டும். முதுகில் வெறும் பசை போட்டு ஒட்டிய கலை நூல் விரித்து வைத்தால் நிற்காது. இரண்டு பக்கத்துக்கு ஓடும் படத்தின் நடுப்பகுதி பள்ளத்தில் விழுந்துவிடும். தாளின் நார் ஓட்டத்தையும் பாருங்கள். நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். நான் சொன்ன அளவுக்கு அது 23 அங்குலப் பக்கத்தோடு ஓடும் தாளாக இருக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்காவிட்டால் மற்றது வந்துவிடும், பக்கங்கள் விறைத்துக்கொண்டு புரளும். தாளின் எடையையும் அளவோடு தேர்ந்தெடுங்கள். அதே 128 பக்கம் 170 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் 650 கிராமைத் தாண்டும், 130இல் 500 கிராம் அளவுக்கு நிற்கும்; கெட்டி அட்டை தனி. கனமான தாள் என்றால் உயர்ந்த நூல் என்று நினைப்பது பழக்கம்தான். அஞ்சல் செலவும் வாசகரின் கையும் வேறு கணக்குச் சொல்லும். கோட்டோவியங்களுக்கு ஆர்ட் பேப்பரே வேண்டாம். மேற்பூச்சில்லாத நல்ல மேப்லித்தோ தாள் போதும், அந்தத் தாள் நம் பள்ளிபாளையத்திலும் புகளூரிலுமே உற்பத்தியாகிறது.

விலை வைக்கும்போது அடக்கத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறையாதீர்கள். அதிகமாகத் தெரியும். போட்டுப் பாருங்கள்: அடக்கம் 400, விலை 1,600. கடைக்கு நாற்பது விழுக்காடு கழிவு போக உங்களுக்கு வருவது 960. ஓவியருக்குப் பத்து விழுக்காடு, 160. அச்சு 400. மிச்சம் 400 ரூபாயில்தான் படமெடுத்தவர், எழுதியவர், பிழைதிருத்தியவர், பயணம், பெட்டி, வாடகை எல்லாம். இரண்டு மடங்கு விலை வைத்திருந்தால் முதல் நூலோடு கடையைக் கட்டியிருப்பேன்.

அதனால் நேரடி விற்பனையை நம்புங்கள். தமிழில் நமக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்று ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. 120 பேர் முன்பணம் கட்டினால் காகிதச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும். அவர்களுக்குக் கால் பங்கு கழிவு கொடுங்கள், அவர்கள் பெயரை நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள், சொன்ன தேதியில் அனுப்புங்கள். தேதி தவறினால் மறைக்காமல் எழுதிச் சொல்லுங்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் நூல்களுக்காகத் தொடங்கிய ஞான போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், உச்சமாக 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கனமான நூல்களுக்கு அது பெரிய துணை. கடைகளுக்கு ‘விற்றபின் பணம்’ என்ற முறையில் ஐந்து பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் நாற்பது கொடுத்தேன். ஒன்றேகால் ஆண்டு கழித்து முப்பத்தொன்று திரும்பி வந்தன, எல்லாமே மூலை நசுங்கி. புத்தகக் கண்காட்சிக்குச் சென்னை, ஈரோடு, நம் சேலம் மூன்றுக்கும் போகலாம். தனி அரங்கு எடுக்காமல், மனம் ஒத்த இன்னொரு சிறு பதிப்பகத்தோடு பங்கு போடுங்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வந்தால் மகிழ்ச்சி.

இருப்பு வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏற்காட்டில் ஒரு கண்காட்சிக்காக அறுபது பிரதிகளை ஒரு நண்பரின் எஸ்டேட் வீட்டில் வைத்தோம். கண்காட்சி தள்ளிப்போயிற்று, ஐப்பசி மழை முழுவதும் அவை அங்கேயே இருந்தன. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஊர் அது. மார்கழியில் போய்ப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு நூலும் ஒரு செங்கல். ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு ஈரம் பட்டால் பசையாகிவிடும். பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வரும். ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. கீழே நம் சேலத்து வறண்ட வெயில் நூல்களுக்கு மிக நல்லது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், படுக்க வைத்து அடுக்குங்கள். மாதம் ஒருமுறை இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காட்டுக் கோடை விழாவுக்குக் கொண்டுபோவதென்றால் அஞ்சலட்டைத் தொகுப்பும் சிறு மடிப்பு நூலும் போதும். சுற்றுலா வந்தவர் ஒரு கிலோ நூலைச் சுமந்துகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கமாட்டார்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள், பலர் சறுக்குவது இங்கேதான். ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்த ஓவியம்தான் சொந்தம். அதை நூலில் அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது, எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. ஓவியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை அது அவருடைய வாரிசுகளுக்கு. 1964இல் இறந்தவர் என்றால் 2024 முடியும்வரை. எனவே படத்தை வைத்திருப்பவரிடமும் வாரிசுகளிடமும், இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றும் இந்தியா மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளும். உரிமை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் அன்றி, அது காலாவதியாகிவிடும். கலை நூலுக்கு ஓராண்டு எங்கே போதும்? பயன்படுத்த மூன்று ஆண்டு அவகாசம் என்று தெளிவாகப் போடுங்கள். தாரமங்கலத்துச் சிற்பிக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. ஆனால் அங்கே படமெடுத்தவருக்கு உண்டு. கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

கைவினைஞர்களின் பெயரைப் போடுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ‘சேலத்துக் கொலுசு, வெள்ளி’ என்று படவிளக்கம் எழுதிவிட்டுப் போவது திருட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. உருக்கியவர், கம்பி இழுத்தவர், பற்றவைத்தவர், மெருகு போட்டவர் என்று ஒரு கொலுசு நான்கு வீடுகள் சுற்றி வருகிறது. அவர்கள் சம்மதித்தால் நான்கு பெயரும் வர வேண்டும். எங்கள் கொலுசு நூல் வெளிவந்தபோது பற்றவைக்கும் அம்மா ஒருவர், எழுத்துக்கூட்டித் தன் பெயரைத் தானே படித்துவிட்டு, பேத்தியிடம் நூலைக் கொடுத்து மறுபடியும் படிக்கச் சொன்னார்.

தமிழ் எழுத்துகளைக் கோப்பதில் பழைய கோப்புகள் காலை வாரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை மாற்றும்போது ‘ஔ’ என்பது ஒகரமும் ளகரமுமாக உடையும், துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், தேடினால் கிடைக்காது. படவிளக்கத்தைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள்.

அரசு வேலைகள் எளியவை. நூலை உலக அளவில் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு வெளியான முப்பது நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டும். நூல்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது, அடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். காலண்டரும் வாழ்த்து அட்டையும் விற்றால் வரி உண்டு. ஓவியருக்குக் கொடுக்கும் உரிமைத் தொகைக்கான வரி பதிப்பாளர் தலையில் விழக்கூடும் என்பதால் முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

பள்ளி வேலையை விடாதீர்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலத்தை உருவாக்கியபோது பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். ஓவியத்தை விற்றுத்தான் சோறு என்ற நெருக்கடியைத் தங்கள் தூரிகைமேல் ஏற்றவில்லை. நானும் இன்றுவரை நகைக்கடைகளுக்கு விலைப்பட்டியல் வடிவமைத்துக் கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறேன்.

நான்கு லட்சத்தையும் முதல் நூலில் போடவும் வேண்டாம். சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், கைத்தாளில் திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) செய்த நூல்களால் உலகெங்கும் அறியப்பட்டது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குத் திரை அச்சு செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. பதினாறு பக்கம், இரண்டு மை, இருநூறு பிரதி, கையால் தைத்த ஒரு சிறு நூல். அதில் தொடங்குங்கள். நீங்கள் ஓவிய ஆசிரியர், கோட்டை நீங்களே போடலாம். மை காயும்வரை கயிற்றில் தொங்கும் தாள்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். அதை விற்று முடிக்க எத்தனை மாதம் ஆகிறது, யார் யார் வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களிலிருந்துதான் இரண்டாம் நூலின் முன்வெளியீட்டுப் பட்டியல் கிடைக்கும். பெரிய நூலுக்குப் படமெடுக்கும் வேலையை இதற்கு இணையாகவே தொடங்கிவிடுங்கள், அதற்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். நான் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவமும், வெண்பட்டு நூலின் வீணான தாள்களும் அறையிலேயே இருக்கின்றன. ஞாயிறு காலையில் வந்தால் அங்கவஸ்திரத்தையும் பக்கத்தில் விரித்துக் காட்டுகிறேன்.